மூவாயிரம் பேரும் ஒரு கடையேனும்

ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை. குற்றாலப் பேரருவியில் வெள்ளம் மிகுந்துவிட்டதால் காவலர் எவரையும் குளிக்க விடவில்லை. எண்ணெய் தேய்த்த உடலோடு மக்கள் ஒதுங்கி நின்று அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர். அந்தக் கூட்டத்தினின்று விலகி என்னோடு நடந்து வந்தார் தென்காசிப் படிப்பு வட்டத் தோழர் ஒருவர். அகவை இருபத்திரண்டு இருக்கும். முதல்நாள் கூட்டத்தில் கனல் பறக்கப் பேசியவர், அன்று வாய் திறவாமல் வந்தார். சிற்றருவிப் பக்கம் திரும்பியபோதுதான் சொன்னார்:

"ஐயா, மேடையில் நிற்கும்போது நாட்டையே திருத்திவிடலாம் என்றிருக்கிறது. அறைக்குப் போய் விளக்கை அணைத்தால் அச்சம் வந்து சூழ்கிறது. வீட்டில் அம்மாவுக்கே ஒன்றை எடுத்துச் சொல்லி விளக்கத் தெரியாத நான் ஊருக்கு என்ன சொல்வது? கொள்கை மலைபோல் இருக்கிறது. நான் கூழாங்கல்லாய்க் கிடக்கிறேன். சில வேளை எல்லாவற்றையும் விட்டு இந்த மலைமேல் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பகுத்தறிவாளனுக்கு இப்படித் தோன்றலாமா?"

கடைசிக் கேள்வியின்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அச்சம் வந்தது அவரை வாட்டவில்லை. அச்சம் வரலாகாது என்று எவரோ விதித்துவிட்டதுபோல் அவர் நினைத்துக்கொண்டிருந்ததே வாட்டியது. நான் அவருக்கு மறுமொழியாகத் தென்காசியின் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னேன். அன்று பாதி வழியில் நின்றுபோன அப்பேச்சை இங்கே முடித்து வைக்கிறேன். முதல்நாள் மேடையில் அவர் சொன்ன கதை ஒன்றும் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னர் வருவேன்.

தென்காசி இன்று ஒரு மாவட்டத்தின் தலைநகர். 2019இல் அந்நிலை வாய்த்தது. 1910இல் அது திருநெல்வேலிச் சீமையின் ஊர்களுள் ஒன்று. கூப்பிடு தொலைவிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு இணைந்தது. அந்நாளில் நெல்லைச் சீமை அடிபட்டுக் கிடந்தது. 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர், மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது, துப்பாக்கிகள் முழங்கின. சுதேசிக் கப்பல் ஓட்டியவருக்கு முதலில் விதிக்கப்பட்ட தண்டனை நாற்பதாண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும், அவரை நம்பி எழுந்த இளைஞர்களுக்கு வழிகாட்ட எவரும் இல்லாமற் போயினர்.

அந்த வெறுமையில் வந்து நின்றவர் நீலகண்டன். சீர்காழியை அடுத்த எருக்கூரில் 1889இல் பிறந்தவர். தென்காசிக்கு வந்தபோது இருபது அகவைதான் நிறைந்திருந்தது. திருமணமாகாத இளைஞர் தம் பெயரோடு 'பிரம்மச்சாரி' என்று சேர்த்துக்கொண்டார். இந்த ஒட்டுப்பெயரைக் கவனியுங்கள். அரசியல் தொண்டன் தன்னைத் தொண்டன் என்று சொல்லிக்கொண்டால் போதாதாம். துறவியாகவும் தோன்ற வேண்டுமாம். வங்கத்திலிருந்து வந்த காற்று அது. பங்கிம் சந்திரர் 1882இல் நூலாக வெளியிட்ட 'ஆனந்த மடம்' புதினத்தில் போர் வீரர்கள் காவி உடுத்த துறவிகளாகவே வருவர். அதைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு நாட்டு விடுதலையும் ஆன்ம விடுதலையும் ஒரே வழியில் கிட்டுவனவாகத் தோன்றின. அன்னை நாடு காளி ஆனாள், தொண்டு தவமாயிற்று, துப்பாக்கி பூசைப் பொருள் ஆயிற்று.

1910இல் தென்காசியிலும் சுற்றுப்பக்கத்திலும் கூடிய மறைவுக் கூட்டங்களில் பாரத மாதா சங்கம் உருவாயிற்று. மடத்துக்கடைச் சிதம்பரம் பிள்ளை, கிருஷ்ணாபுரத்துச் சங்கரகிருஷ்ணன் முதலியோர் அதில் இருந்தனர். காளியின் படம் வைக்கப்பட்டது. குங்குமம் கரைத்த நீர் வெள்ளையரின் குருதி என்று சொல்லிப் பருகக் கொடுக்கப்பட்டது. விரலைக் கீறி, குருதியால் தாளில் அடையாளம் இட்டு, உயிரையும் உடைமையையும் ஒப்புக்கொடுப்பதாக உறுதி பூண்டனர். இவற்றை நாம் அறிவது பெரும்பாலும் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய ஓட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளை போன்றாரின் வாக்குமூலத்தால் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அப்ரூவர் நாக்கு, தன் கழுத்தைக் காக்கப் புரளும் நாக்கு. ஆயினும் அக்காலத்து மறைவுச் சங்கங்கள் வடக்கிலும் இதைப் போன்ற சடங்குகளையே நடத்தின. ஆகவே இதை முழுப் பொய் என்று தள்ளவும் இயலாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்ப்பனரும் வேளாளரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே கலத்து நீரைப் பருகியது 1910இல் சிறு செய்தி அன்று. உணவுக்குத் தனிப் பந்தி, தண்ணீருக்குத் தனிப் பானை என்றிருந்த காலம் அது. சேர்ந்து வாழ இசையாதவர்கள் சேர்ந்து சாக இசைந்தார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்கள் அதற்கு அப்பால் ஏன் வரவில்லை என்பதுதான் என் வினா.

சபதம் என்பது என்ன? இனி எண்ணமாட்டேன் என்று எண்ணி எடுக்கும் கடைசி முடிவு. அதன் பிறகு ஐயம் வந்தால் அது துரோகம், தயங்கினால் அது கோழைமை, "இது முறையா?" என்று கேட்டால் அது அன்னைக்கு இழைத்த பிழை. இருபது அகவை இளைஞனின் நெஞ்சில் ஐயம் எழாமல் இருக்குமா? எழும். ஆனால் எவரிடம் சொல்வான்? அவனோடு விரலைக் கீறிக்கொண்ட தோழனிடமா?

அக்கால இளைஞர் போற்றிய இத்தாலி நாட்டு மாசினியை எடுத்துக்கொள்வோம். 1831இல் 'இளைய இத்தாலி' என்னும் சங்கத்தை அமைத்து உறுதிமொழி வாங்கியவர் அவர். 1907இல் சாவர்க்கர் அவருடைய எழுத்துகளை மராத்தியில் பெயர்த்தார். இலண்டனில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு. ஐயர் பின்னர்ப் புதுச்சேரிக்கு வந்து நம் இளைஞர்க்கு ஆசான் ஆனார். மாசினியின் உறுதிமொழி இவ்வழியே கடல் கடந்து வந்தது. ஆனால் மாசினியின் வாழ்வில் இன்னொரு பகுதியும் உண்டு. அவருடைய உயிர்த் தோழர் சாக்கோப்போ ரூபினி 1833இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு சவாய் மீது நடத்திய படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. 1836இல், சுவிட்சர்லாந்தில் தலைமறைவாய் இருந்த மாசினியை ஐயம் புயலாய்த் தாக்கிற்று. நான் இவர்களைச் சாகடித்தது எதற்காக, என் கொள்கையே என் தன்முனைப்பின் மாற்றுருவோ என்று நிலைகுலைந்தார். பின்னாளில் அந்த நாள்களை மறைக்காமல் எழுதியும் வைத்தார். சபதத்தை இறக்குமதி செய்தவர்கள் அந்தப் புயலையும் சேர்த்து இறக்குமதி செய்திருந்தால் நெல்லைச் சீமையில் சில தாய்மாரின் கண்ணீர் குறைந்திருக்கும்!

1911 சூன் 17. மணியாச்சிச் சந்திப்பு. கலெக்டர் ஆஷ் தம் மனைவியோடு கோடைக்கானலுக்குச் செல்லும் வழியில் வண்டியில் அமர்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன், அகவை இருபத்தைந்து, திருவிதாங்கூர்க் காட்டுத் துறையில் வேலை பார்த்தவர், அவரைச் சுட்டார். ஓடி நிலையக் கழிப்பிடத்திற்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். உடன் வந்த மாடசாமி ஓடி மறைந்தார்; அவர் பிடிபடவே இல்லை.

மாண்டவரின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதை ஒரு வரலாற்றுச் சான்றாக அறிஞர் பலர் ஆய்ந்துள்ளனர். நான் அதை ஓர் இலக்கியமாகப் படிக்கிறேன். ஓர் இளைஞன் தன் வாழ்வில் எழுதிய கடைசிப் பக்கம் அது. அதைவிட உண்மையான இலக்கியம் எது?

சிறு கடிதம். ஆங்கிலேயர் நாட்டைப் பறித்துக்கொண்டு சனாதன தருமத்தை மிதிக்கிறார்கள் என்று தொடங்குகிறது. இராமன், கிருஷ்ணன், அருச்சுனன், சிவாசி, குரு கோவிந்தர் ஆண்ட நாடு என்கிறது. அந்நாட்டில் மாட்டிறைச்சி தின்னும் ஒரு மிலேச்சனாகிய 'ஜார்ஜ் பஞ்சமனுக்கு' முடிசூட்டுவதா என்று குமுறுகிறது. அவன் இங்கே காலடி வைத்ததும் கொல்வதற்கு மூவாயிரம் பேர் உறுதி பூண்டிருப்பதாக அறிவிக்கிறது. அதைத் தெரிவிக்கவே, அவர்களுள் 'கடையேனாகிய' தாம் இச்செயலைச் செய்ததாக முடிக்கிறது.

'பஞ்சமன்' என்னும் சொல் பற்றி நம் ஏடுகள் நிறைய எழுதிவிட்டன. பஞ்சமன் என்றால் ஐந்தாமவன் என்றுதானே பொருள் என்று வாதாடுவோர் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் ஐந்தாமவன்தான், மறுக்கவில்லை. ஆனால் மாட்டிறைச்சியும் மிலேச்சனும் இரு பக்கத்திலும் நிற்க, நடுவில் வரும் 'பஞ்சமன்' வெறும் எண்ணுப்பெயராக நிற்குமா? நால்வருணத்திற்கு வெளியே தள்ளப்பட்ட மக்களின் பெயரை, உலகின் பேரரசன் ஒருவனை இழிவுபடுத்தும் வசையாக எடுத்து வீசுகிறது அக்கடிதம். விடுதலை கேட்கும் கை, இன்னொருவனின் கழுத்தை மிதித்துக்கொண்டு நீள்கிறது. எழுதியவருக்கு அது உறுத்தவே இல்லை. அதுதான் கொடுமை.

ஆனால் அதே செங்கோட்டையில், அதே அக்கிரகாரத்தில், உறுத்திய நெஞ்சு ஒன்று முன்னமே இருந்தது. ஆவுடையக்காள் என்னும் பெண். பதினெட்டாம் நூற்றாண்டினர் என்பர். சிறுமியாக மணமுடிக்கப்பட்டுச் சிறுமியாகவே கைம்பெண் ஆனவர். திருவிசைநல்லூர் ஐயாவாளிடம் அத்வைத உபதேசம் பெற்றவர். மடியும் தீட்டும் எச்சிலும் பேசும் ஆசாரத்தைத் தம் பாட்டுகளில் எள்ளி நகையாடினார். எல்லாம் ஒன்று என்றால் எது எச்சில் என்று கேட்டார். பெண்கள் வாய்மொழியாகவே பல தலைமுறை பாடிக் காத்த பாட்டுகள் அவை. அவர் கேட்ட கேள்வி வாஞ்சியின் காதில் விழுந்திருக்கலாம். பாட்டி பாட, பேரன் கேட்டுத் தூங்கியிருக்கலாம்! விழித்தபின் அவன் கையில் எடுத்தது பாட்டியின் ஐயத்தையன்று, தாத்தாவின் தருமத்தை.

ஆவுடையக்காளையும் நான் முழுமையாகப் போற்ற இயலாது. அவர் கண்ட சமத்துவம் அகத்தினுள் கண்ட சமத்துவம். தெருவில் அது இறங்கவில்லை. ஒரு சேரியின் கிணற்றடிக்கும் செல்லவில்லை. இறுதியில் அவர் ஓர் ஆடி அமாவாசையன்று குற்றால அருவியில் நீராடி, மலையேறிப் போய் மறைந்துவிட்டார் என்று ஊர் சொல்கிறது. கேள்வி கேட்ட பெண்ணுக்கு இந்தச் சமுதாயம் எழுதிவைத்த முடிவு அது: மலையேறி மறைந்தாள். என்னோடு நடந்த தோழருக்கு இதைச் சொன்னபோது, அவர் மலையை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கடிதத்திற்கு மீள்வோம். 'பஞ்சமன்' மட்டுமே நம் கண்ணில் பட்டுவந்த காரணத்தால் மற்ற இரண்டு சொற்களை நாம் படிக்கத் தவறிவிட்டோம். ஒன்று, 'மூவாயிரம்'. வழக்குமன்றத்தில் நின்றவர்கள் பதினால்வர். 1912இல் தண்டனை பெற்றவர்கள் ஒன்பது பேர். மூவாயிரம் எங்கே, பதினான்கு எங்கே? பகைவனை அச்சுறுத்தச் சொன்ன பொய் என்பர். இருக்கலாம். எனக்கு அந்த எண்ணில் வேறொன்று கேட்கிறது. தனியே சாகப் போகிறவன், தனக்குப் பின்னால் காலடி ஓசை கேட்க வேண்டும் என்று ஏங்கி எழுதிய எண் அது.

மற்றொன்று, 'கடையேன்'. இது அரசியல் சொல் அன்று. அடியார் தம் ஆண்டவன்முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் பத்தி இலக்கியச் சொல். நாயேன், அடியேன், கடையேன் என்று வரும் வரிசையில் உள்ள சொல். கொலைக்குப் போகிறவர் கையில் துப்பாக்கியும் நாவில் அடியார் மொழியும் இருக்கின்றன. மூவாயிரம் பெரிது, நான் கடையேன். கொள்கை பெரிது, நான் சிறியேன். குற்றாலச் சாலையில் இருபத்திரண்டு அகவைத் தோழர் என்னிடம் சொன்னதும் இதுவேயன்றோ? மலைபோல் கொள்கை, கூழாங்கல்லாய் நான். நூறாண்டுக்கு மேல் இடைவெளி. கடவுளை நம்பியவர் ஒருவர், நம்பாதவர் ஒருவர். உள்ளே ஓடும் நடுக்கம் ஒன்றுதான். வேறுபாடு ஒன்றே ஒன்று. தோழர் அதை என்னிடம் சொன்னார். வாஞ்சிக்குச் சொல்ல இடமில்லை. தம்மைக் கடையேன் என்று உணர்ந்தவர், அக்கடையேனை ஒரு நொடியில் முதல்வனாக்கும் வழி ஒன்றைத் தேடினார்.

மணியாச்சிக்குப் பின் நிகழ்ந்தவற்றை விரிக்க மனம் வரவில்லை. காவலர் வீடு வீடாய் நுழைந்தனர். செங்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் நஞ்சுண்டார். இன்னொருவர் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டார். ஆறுமுகம் பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறினார். வீர வரலாறு எழுதுவோர் முன்னவரை ஈகியர் என்றும் பின்னவரைக் காட்டிக் கொடுத்தவர் என்றும் இரு பெட்டிகளில் இட்டு மூடிவிடுவர். இருவரும் ஒரே சபதத்தினின்று வெளியேற வழி தேடியவர்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. கதவே இல்லாத வீட்டினின்று வெளியேறுபவன் சுவரைத்தான் உடைப்பான்.

நீலகண்டன் மணியாச்சியில் இல்லை. தனியாள் கொலையில் தமக்கு உடன்பாடு இருந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆயினும் முதல் எதிரி அவரே. ஏழாண்டுச் சிறை. தென்காசியில் சபதம் வாங்கியபோது இருபது. சிறையினின்று வெளிவந்தபோது முப்பது. வந்து பார்த்தால், நாடு காந்தியாரின் பின்னே சென்றுகொண்டிருந்தது. குண்டும் காளியும் பழங்கதை ஆகிவிட்டன. உண்ண உணவின்றித் திருவல்லிக்கேணியில் பாரதியாரைக் காணச் சென்றதாக ஒரு செய்தி வழங்குகிறது. அப்பசியைக் கண்டு பொங்கியே பாரதியார் புகழ்பெற்ற பாட்டு ஒன்றைப் பாடினார் என்பர். பாட்டு பிறந்த கதை மெய்யோ அன்றோ, அதை நான் பொருட்படுத்தவில்லை. ஏழாண்டு சிறையிருந்தவனுக்கு ஒருவேளைச் சோறு போட ஒரு சங்கம் இல்லை என்பது மட்டும் மெய். மூவாயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை!

அப்பொழுதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. சிங்காரவேலரோடு பழகினார், பொதுவுடைமைக் கருத்தைப் பரப்பினார், 1922இல் மீண்டும் பிடிபட்டார். இம்முறை பத்தாண்டுத் தண்டனை. 1930இல் வெளிவந்தபோது அவர் தேடியது கட்சியையன்று, அமைதியை. மைசூர்ச் சீமையின் நந்தி மலைப் பக்கம் சென்று, 'ஓம்கார்' என்னும் பெயரில் துறவியாய் அமர்ந்தார். 1978இல் அங்கேயே மறைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு!

நம் ஏட்டில் இதை எழுதும்போது கேலி செய்ய எளிது. பார்த்தீர்களா, புரட்சி வீரன் சாமியாராய்ப் போனான். காளியில் தொடங்கியவன் ஓங்காரத்தில் முடிந்தான் என்று எழுதிக் கைதட்டல் வாங்கலாம். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம். இரு முறை சிறை சென்று மீண்ட ஒருவரின் களைப்பைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் திறனாய்வாளன் என்ற முறையில் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். இருபதில் பிரம்மச்சாரி, நாற்பதில் ஓம்கார், இடையில் பொதுவுடைமை. அவர் தாம் கொண்ட கொள்கையை ஒவ்வொரு முறையும் முழுமையாய்ப் பற்றினார், முழுமையாய் விட்டார். பாதியில் நின்று, "இதில் எது சரி, எது பிழை?" என்று பிரித்துப் பார்க்க அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவருடைய இளமையில் சபதம் இருந்தது, உரையாடல் இல்லை.

இதே நெல்லைச் சீமையில், இதே வழக்குகளின் நிழலில், வேறு வகையாய் வாழ்ந்தவர் ஒருவரும் உண்டு. வ.உ.சி. 1912 டிசம்பரில் அவர் சிறையினின்று வந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. கப்பல் கும்பினி அழிந்துவிட்டது, கப்பலையும் விற்றுவிட்டார்கள். வழக்குரைஞர் உரிமை பறிபோயிற்று. கடன் சூழ்ந்தது. மனம் உடைய இதைவிட வேறு என்ன வேண்டும்? அவர் பகுத்தறிவாளர் அல்லர், சைவர். சிறையில் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் மனப்பயிற்சி நூலைத் தமிழாக்கி 'மனம் போல வாழ்வு' என்று தந்தவர். ஆன்ம நாட்டம் அவரிடம் குறைவின்றி இருந்தது. ஆனால் அவர் மலையேறவில்லை. சில்லறை வாணிகம் செய்தார். மனு எழுதினார். பறிபோன வழக்குரைஞர் உரிமையை மீட்டுத் தந்த வெள்ளையர் வாலேசுக்கு நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்டவர், ஒரு வெள்ளையரின் நேர்மையை மகனின் பெயராக்கிய பெருமையைப் பாருங்கள்! பகை முழுமை, நட்பு முழுமை என்று பிரித்து வைக்கும் சபத மனத்தால் இதைச் செய்யவே முடியாது. தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார், குறளுக்கு உரை வரைந்தார், பார்ப்பனரல்லாதார் உரிமைக்கும் குரல் கொடுத்தார். 1936இல் தூத்துக்குடியில் கடனோடுதான் மாண்டார். வெற்றி வாழ்வு என்று சொல்லமாட்டேன். தோற்ற பின்னும் ஊருக்குள்ளேயே நடமாடிய வாழ்வு.

வாஞ்சிக்குத் துப்பாக்கி பயிற்றியவராகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயர் என்ன ஆனார்? சேரமாதேவியில் குருகுலம் அமைத்தார். தேசத் தொண்டர்களை வார்க்க வந்த அவ்விடத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி இருந்தது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கிளர்ச்சியை நம் வாசகர் அறிவர். ஐயர் கல்வியிற் பெரியவர், அஞ்சாதவர், நாட்டுக்கு வாழ்வை ஈந்தவர். ஆனால் சொந்தச் சாதி வழக்கத்தின்மேல் ஐயம் கொள்ளும் கலையை மட்டும் அவருடைய வீரம் அவருக்குக் கற்பிக்கவில்லை. 1925 சூனில், பாவநாசத்தை அடுத்த கல்யாண தீர்த்த அருவியில், வெள்ளத்தில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து உயிர் நீத்தார். அந்தக் கடைசிச் செயலின்முன் நான் தலை வணங்குகிறேன். பந்தியைப் பற்றிய என் கருத்தை அதற்காக மாற்றிக்கொள்ளமாட்டேன்.

இனி, தோழர் முதல்நாள் மேடையில் சொன்ன கதை. ஆஷ் கலெக்டராய் இருந்தபோது, பிள்ளைப்பேற்று வலியில் துடித்த ஒடுக்கப்பட்ட பெண்ணை அக்கிரகாரத்தின் வழியே வண்டியில் கொண்டுசென்றார் என்றும், குற்றால அருவியில் எல்லாச் சாதியாரும் நீராடலாம் என்று ஆணையிட்டார் என்றும், அதனாற்றான் வாஞ்சி சுட்டார் என்றும் அவர் முழங்கினார். கூட்டம் ஆர்த்தது. நானும் அமர்ந்திருந்தேன்.

இக்கதையைச் சொல்வோர் எவரும் அதற்கு அக்காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டுவதில்லை. மேடைக்கு மேடை அது வளர்கிறது, அவ்வளவுதான். வாஞ்சியின் கடிதத்தில் அப்பெண் இல்லை, அருவி இல்லை. ஆஷின் பெயரே இல்லை! எதிர்த்தரப்பாரும் இதே பிழையைச் செய்கிறார்கள். வ.உ.சி.க்கு இழைத்த கொடுமைக்குப் பழி தீர்த்தார் வாஞ்சி என்று அவர்கள் பாடுகிறார்கள். மணியாச்சி நிலையத்திற்கே அவர் பெயரைச் சூட்டி மகிழ்கிறார்கள். கடிதத்தில் வ.உ.சி.யும் இல்லை. இரு தரப்பாரும் தமக்கு வேண்டிய வாஞ்சியைத் தாமே எழுதிக்கொண்டு, அவர் எழுதிய தாளைப் படிக்காமல் விட்டோம். கடிதத்திலேயே சனாதனம் பச்சையாய் இருக்கும்போது நமக்குக் கட்டுக்கதை எதற்கு?

இதை நான் சொன்னபோது தோழரின் முகம் வாடிவிட்டது. "எனக்குச் சொன்னவர் பெரியவர் ஐயா. அவரிடம் எப்படிச் சான்று கேட்பது?" என்றார். தென்காசியில் குங்கும நீரைக் கையில் வாங்கிய இளைஞன் ஒருவனும் இதைத்தான் நினைத்திருப்பான். நமக்குக் காளி படம் இல்லை, குங்குமம் இல்லை, கீறிய விரல் இல்லை. ஆனால் கேட்கக் கூச்சப்படும் இளைஞர் நம்மிடமும் இருக்கிறார்கள் என்றால், சடங்கு மட்டுந்தான் போயிருக்கிறது. இரவில் அச்சமாய் இருக்கிறது என்பதைச் சாலையின் ஒதுக்குப்புறத்தில் அவர் என்னிடம் சொல்ல வேண்டியதாயிற்று. படிப்பு வட்டத்தில், நாற்பது பேர்முன், ஏன் சொல்ல முடியவில்லை? அதற்கு அவர் மட்டுமா பொறுப்பு? சோர்வைச் சொன்னவனைக் கொள்கைப் பிடிப்பு இல்லாதவன் என்று முத்திரை குத்தும் மூத்தவர்களை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். இளமையில் நானும் அப்படி ஒருவனுக்குக் குத்தியிருக்கிறேன். அவன் அதன்பின் கூட்டத்திற்கு வரவில்லை. எங்கே போனான் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

தென்காசிப் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தோழர் மீண்டும் பேச்செடுத்தார். "அப்படியென்றால் அந்த அருவிக் கதையை இனிச் சொல்லக் கூடாதா?"

"சான்று கண்டால் சொல்லுங்கள்" என்றேன். "முதலில் உங்களுக்குச் சொன்ன பெரியவரிடம், எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள். என் பெயரைச் சொல்லியே கேட்கலாம்."

அவர் பையிலிருந்து சொற்பொழிவுக் குறிப்பேட்டை எடுத்தார். அருவிக் கதை எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி, எழுதுகோலை வைத்து அடிக்கப் போனவர், சற்று நின்றார். அடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு மூடினார். பிறகு, அன்றிரவு வீட்டுக்குப் போய் அம்மாவோடு பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். என்ன பேசப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கடையநல்லூர் வண்டி வந்துவிட்டது.